கம்பியை எண்ணிவிட்டு எழுதுங்கள்

புகளூர்–திருச்சூர் டி.சி. மின்பாதையைக் கண்டித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் நம்பத்தகுந்தது ஒன்றே ஒன்றுதான்: அதோடு அச்சான புகைப்படம். தென்னந்தோப்புக்கு நடுவே ஓர் உயர்மின் கோபுரம். அதன் அடியில் அந்திக் கருக்கலில் கட்டுரையாளர் கையில் டியூப்லைட் பிடித்து நிற்கிறார். ஒயர் இல்லை, சோக் இல்லை, லைட் எரிகிறது. டி.சி. மின்சாரம் நம் தலைமேல் கொட்டும் கதிர்வீச்சுக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா என்று கேட்கிறார்.

வேண்டாம். வழக்கைத் தள்ளுபடி செய்ய இந்தச் சாட்சியே போதும்.

கோபுரத்தின் கைகளில் தொங்கும் கம்பிக் கொத்துகளை எண்ணிப் பாருங்கள். இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று. உச்சியில் இடிக்காக ஓடும் மெல்லிய கம்பிகளைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. மூன்றின் மடங்காக வந்தால் அது மூன்று ஃபேஸ் ஏ.சி. டி.சி.க்கு ஃபேஸ் கிடையாது. ஒரு பிளஸ், ஒரு மைனஸ். கரண்ட் சுமக்கும் கம்பிகள் ஜோடி ஜோடியாகத்தான் போகும். ஐ.டி.ஐ. முதலாண்டுப் பையனுக்குத் தெரிந்த விஷயம் இது. கட்டுரையாளர் நின்றது ஏ.சி. லைனுக்கு அடியில். உடுமலைப்பேட்டையிலிருந்து பாலக்காட்டுக்கு வரும் 400 கே.வி. பாதையாக இருக்கலாம், அதுபோன்ற வேறொன்றாகவும் இருக்கலாம். எப்படியும் அவர் திட்டித் தீர்த்த லைன் அதுவல்ல.

அந்த டியூப்லைட் ஏன் எரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏ.சி. லைனின் மின்புலம் நொடிக்கு ஐம்பது சுற்று திசை மாறிக்கொண்டே இருக்கிறது. அந்த மாற்றம் காற்றின் வழியாகவே மிகச் சிறிய மின்னோட்டத்தைக் குழலுக்குள் தள்ளுகிறது. அது அவர் உடம்பு வழியாக மண்ணுக்குப் போகிறது. டி.சி. லைனின் புலம் நிலையாக நிற்கும். மாற்றம் இல்லாத இடத்தில் தள்ளுவதற்கு எதுவும் இல்லை. அதே குழலை டி.சி. கம்பிக்கு அடியில் பிடித்திருந்தால் அது அப்படி எரிந்திருக்காது. டி.சி.யைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த அவர் கொண்டுவந்த ஒரே சான்று டி.சி.யால் செய்ய முடியாத காரியம்.

இதைப் படித்துச் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் எலப்புள்ளி, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் என்று தமிழும் மலையாளமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கும் எங்கள் கிழக்குப் பக்கத்தில் அந்தக் கட்டுரையை ஜெராக்ஸ் எடுத்துக் கையில் கொடுக்கிறார்கள். தோப்புக்காரர்கள் கவலையோடு படிக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் தர வேண்டியிருக்கிறது.

முதல் குற்றச்சாட்டு, டி.சி. தோற்றுப்போன பழைய சரக்கு என்பது. எடிசன் அன்றே தோற்றார், ஏ.சி. ஜெயித்தது, 130 வருடம் கழித்து அந்தத் துருப்பிடித்த சாமானைக் கேரளத்தின் தலையில் கட்டுகிறார்கள் என்கிறார். எடிசன் ஏன் தோற்றார் என்று அடுத்த வரியில் எழுதியிருந்தால் அவருடைய வாதம் அங்கேயே நின்றுபோயிருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் ஏ.சி.யில் மட்டும்தான் வேலை செய்யும். வோல்டேஜை ஏற்ற முடியாத டி.சி. ஒரு தெருவைத் தாண்டுவதற்குள் கம்பியிலேயே கரைந்துபோனது. டி.சி. கெட்டது என்பதல்ல அன்றைய தீர்ப்பு, டி.சி.யை ஏற்றி இறக்கக் கருவி இல்லை என்பதுதான். அந்தக் கருவி வந்துவிட்டது. 1954இல் ஸ்வீடன் தன் கரையிலிருந்து காட்லாண்ட் தீவுக்குக் கடலடிக் கேபிளில் 20 மெகாவாட் டி.சி. அனுப்பியது; பாதரச வால்வுகள், ஊனோ லாம் என்ற பொறியாளரின் பல வருட உழைப்பு. பிறகு தைரிஸ்டர் வந்தது. இந்தியாவில் ரிஹந்திலிருந்து தில்லிக்கு அருகே தாத்ரி வரை 500 கே.வி. டி.சி. 1990களின் தொடக்கத்திலேயே ஓடத் தொடங்கிவிட்டது. ஒடிசாவின் தால்சரிலிருந்து கர்நாடகத்தின் கோலாருக்கு 2003இல் வந்த டி.சி. பாதை இன்றுவரை தென் மாநிலங்களுக்கு மின்சாரம் கொண்டுவருகிறது. இருபது வருடத்துக்கும் மேலாகக் கட்டுரையாளர் வீட்டு மிக்சியில் அந்தப் 'பழைய சரக்கும்' கலந்து சுற்றிக்கொண்டிருக்கிறது. சட்னி கெட்டுப்போனதாகத் தகவல் இல்லை.

இரண்டாவது குற்றச்சாட்டு இடுக்கி. இடுக்கி இருக்க ராய்கர் எதற்கு என்று கேட்கிறார். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வழியாகத்தான் இந்த மின்சாரம் வருகிறது. மோனை நன்றாக இருக்கிறது, எண்கள்தான் ஒத்துழைக்கவில்லை. மூலமற்றத்தின் மலைக்குடைவில் இருக்கும் இடுக்கி மின்நிலையத்தில் ஆறு எந்திரங்கள், ஒவ்வொன்றும் 130 மெகாவாட், மொத்தம் 780. 1976இல் தொடங்கிய அந்த நிலையம் கேரளத்தின் பெருமை, மறுக்கவில்லை. ஆனால் 2024 மே மாதத் தொடக்கத்தில் கேரளத்தின் உச்ச மின்தேவை 5,797 மெகாவாட்டைத் தொட்டது. இடுக்கியின் ஆறு எந்திரங்களும் முழு மூச்சில் ஓடினாலும் ஏழில் ஒரு பங்குக்குக்கூட வராது. மாநில மின்வாரியத்தின் எல்லா நீர்மின் நிலையங்களையும் சேர்த்தாலும் இரண்டாயிரம் மெகாவாட்டைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அதுவும் அணையில் தண்ணீர் இருந்தால். கேரளம் தனக்கு வேண்டிய மின்சாரத்தில் ஏறக்குறைய எழுபது சதவீதத்தை வெளியிலிருந்துதான் வாங்குகிறது. அந்த மே மாதம் இடவப்பாதி மழைக்கு முன்பான மே. அணை நிரம்பி வழியும் மாதமல்ல.

புதிய அணை கட்டலாமே என்று ஒரு வரி போகிற போக்கில் எழுதியிருக்கிறார். எங்கே? எங்கள் மாவட்டத்திலேயே சைலன்ட் வேலி இருக்கிறது. 120 மெகாவாட்டுக்கு அந்தக் காட்டை மூழ்கடிக்கப் பார்த்து, நாடே எதிர்த்து, 1984இல் அது தேசியப் பூங்காவானது. புகளூர் பாதையின் 2,000 மெகாவாட்டுக்கு அதுபோல் பதினேழு சைலன்ட் வேலிகள் வேண்டும். கட்டுரையாளர் முதலில் பதினேழு பள்ளத்தாக்குகளைக் காட்டட்டும், பிறகு பேசலாம். ராய்கரில் எரிவது சத்தீஸ்கர் நிலக்கரி, சாம்பல் அங்கே, வெளிச்சம் இங்கே. இது நியாயமா என்று அவர் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமான பதில் இருந்திருக்காது. கேட்கவில்லை.

இனி அவர் கட்டுரையில் இருக்கும் ஒரே நல்ல வாதம். டி.சி. நீண்ட தூரத்துக்குத்தான் லாபம். மேல்கம்பிப் பாதையாக இருந்தால் அறுநூறு, எண்ணூறு கிலோமீட்டராவது வேண்டும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. புகளூரிலிருந்து திருச்சூர் மாடக்கத்தரை வரை மொத்தமே சுமார் 165 கிலோமீட்டர்தான். இதற்கு எதற்கு 5,070 கோடி ரூபாயில் டி.சி.? புத்தகத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். எங்கோ கேட்ட வாதம்போல இருந்தாலும் வாதம் வாதம்தான். இதற்கு நின்று பதில் சொல்ல வேண்டும்.

அந்த 165 கிலோமீட்டரில் சுமார் 27 கிலோமீட்டர் மண்ணுக்குள் போகிறது. பாலக்காடு மாவட்டத்தின் வடக்கஞ்சேரியில் கோபுரங்கள் நின்றுவிடுகின்றன. அங்கிருந்து குதிரான் வழியாக மாடக்கத்தரை வரை கேபிள். நெடுகிலும் வீடுகள், நடுவே பீச்சி–வாழானி சரணாலயக் காடு. அங்கே கோபுர வரிசைக்கு இடம் தேடியவர்கள் கையைப் பிசைந்ததில் வியப்பில்லை. சரி, கேபிளில் ஏ.சி.யை அனுப்பினால் என்ன? கேபிள் என்பது கம்பியும் உறையும் மிக நெருக்கமாக இருக்கும் ஒரு நீண்ட மின்தேக்கி. ஏ.சி. ஒவ்வொரு சுற்றிலும் அதை நிரப்பிக் காலியாக்க வேண்டும். வறண்ட வாய்க்காலின் கரை குடித்தது போகத்தான் கடைமடைக்குத் தண்ணீர் என்பதுபோல, நொடிக்கு ஐம்பது தடவை. 400 கே.வி. கேபிளில் கிலோமீட்டருக்குப் பத்து மெகாவார் அளவுக்கு ரியாக்டிவ் பவர், அதாவது வேலை செய்யாமல் போய்வரும் மின்சாரம், இதற்கே போகும்; 27 கிலோமீட்டருக்கு ஒரு சர்க்யூட்டுக்கு 270. 2,000 மெகாவாட்டுக்கு ஒரு சர்க்யூட் போதாது, மூன்று நான்கு வேண்டும். இரு முனையிலும் பெரிய ரியாக்டர்களை வைத்துச் சமாளிக்க முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அகலமான பள்ளம் தோண்டி, கேபிளை அடுக்கி, ரியாக்டர் வைத்து, அதற்கும் நிலம் எடுத்த பிறகு கணக்கைப் போட்டுப் பாருங்கள். டி.சி. கேபிளை ஒருமுறை நிரப்பினால் போதும். கேபிள் என்று வந்துவிட்டால் லாபக்கோடு அறுநூறு கிலோமீட்டரிலிருந்து ஐம்பது, எண்பது கிலோமீட்டருக்கு இறங்கிவிடும் என்பது அதே பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை அவர் திருப்பவில்லை.

இங்கே டி.சி. வைத்ததற்கு இரண்டாவது காரணம், ஏ.சி.யை டி.சி.யாகவும் டி.சி.யை ஏ.சி.யாகவும் மாற்றும் கன்வெர்ட்டர். அவர் எல்லா டி.சி.யையும் ஒரே கூடையில் போடுகிறார். தால்சர்–கோலார் தைரிஸ்டரில் ஓடுவது. தைரிஸ்டருக்கு 'ஆன்' ஆகத் தெரியும், தானாக 'ஆஃப்' ஆகத் தெரியாது, எதிர்முனை ஏ.சி. மின்தொகுப்பின் வோல்டேஜ்தான் அதை அணைக்க வேண்டும். அந்த வோல்டேஜ் ஓர் இடியில் சரிந்தால் கன்வெர்ட்டர் தடுமாறும். போதாததற்கு, அனுப்பும் மின்சாரத்தில் பாதி அளவுக்கு ரியாக்டிவ் பவரை அதுவே விழுங்கும். கேரளம் தென் மின்தொகுப்பின் வால்நுனி. மேற்கே கடல், அதற்கப்பால் கைகொடுக்க யாரும் இல்லை. அந்த நுனியில் இன்னொரு விழுங்கியை வைத்திருந்தால் கட்டுரையாளரோடு சேர்ந்து நானும் கொடி பிடித்திருப்பேன்.

புகளூர்–திருச்சூரில் வைத்தது வேறு. இந்தியாவின் முதல் வோல்டேஜ் சோர்ஸ் கன்வெர்ட்டர் பாதை அது. 2021 பிப்ரவரி 19 அன்று பிரதமர் தொடங்கிவைத்தார். 320 கே.வி., ஆயிரம் ஆயிரமாக இரண்டு பிரிவு. உள்ளே ஐ.ஜி.பி.டி. எனும் டிரான்சிஸ்டர்கள், இவற்றை எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம், மூடலாம். ஒவ்வொரு சிறு பெட்டியிலும் ஒரு மின்தேக்கி, பக்கத்தில் ஸ்விட்ச்கள். அதுபோல் நூற்றுக்கணக்கில் அடுக்கி, இந்தக் கணம் இத்தனை பெட்டி உள்ளே, இத்தனை பெட்டி வெளியே என்று கணினி கட்டளையிடக் கட்டளையிட, டி.சி.யிலிருந்து படிப்படியாக ஏறி இறங்கும் ஏ.சி. அலை ஒன்று பிறக்கிறது. படிகள் அவ்வளவு சின்னவை என்பதால் அலை ஏறக்குறைய வழவழவென்றே இருக்கும். அலையைச் சுத்தம் செய்ய மைதானம் மைதானமாக ஃபில்டர் வேண்டியதில்லை. பழைய முறையைவிட முப்பத்தைந்து, நாற்பது சதவீதம் குறைவான நிலம் போதும் என்று தொடக்க விழாக் குறிப்பிலேயே சொன்னார்கள். ரியாக்டிவ் பவரை இது விழுங்குவதில்லை. மாடக்கத்தரையில் வோல்டேஜ் தொய்ந்தால் கொடுக்கும், எகிறினால் வாங்கிக்கொள்ளும். ஊரே இருண்டுபோனாலும் தானே ஓர் அலையை உண்டாக்கி மின்தொகுப்பைத் திரும்ப எழுப்பும் திறன் இந்த வகைக்கு உண்டு. மின்சாரத்தைத் திருப்பி அனுப்ப வேண்டுமானால் ஓட்டத்தை மட்டும் திருப்பினால் போதும், பிளஸ் மைனஸை மாற்ற வேண்டாம். இன்றைய பிளாஸ்டிக் உறைக் கேபிள்கள் இதைத்தான் தாங்கும், பிளஸ் மைனஸ் அடிக்கடி புரண்டால் உறைக்குள் மின்னூட்டம் தேங்கிக் கிழித்துவிடும். வடக்கஞ்சேரிக்கு அப்பால் அந்தக் கேபிளைப் போட முடிந்தது இந்தக் கன்வெர்ட்டர் கொடுத்த வசதியால்தான்.

இந்த வசதிக்கு விலையும் உண்டு. ஒவ்வொரு கன்வெர்ட்டர் நிலையத்திலும் சுமார் ஒரு சதவீதம் மின்சாரம் வெப்பமாகப் போகிறது. முழு லோடில் இரண்டு முனையும் சேர்த்து நாற்பது மெகாவாட். அது சின்ன விஷயமல்ல.

மூன்றாவது குற்றச்சாட்டுதான் எனக்கு உண்மையிலேயே எரிச்சல் ஊட்டியது. எலக்ட்ரானிக்ஸைக் கரண்ட் கம்பியில் கொண்டுவந்து மாட்டினால் மின்தொகுப்பு நோஞ்சானாகிவிடும், இரும்புச் சக்கரம் சுற்றுவதே பலம் என்று ஸ்பெயினை உதாரணம் காட்டுகிறார். ஸ்பெயினுக்குப் போகும் முன் சொந்த நாட்டைப் பார்க்கலாம். 2012 ஜூலை 30, 31. வட இந்தியா முதல் நாள் விழுந்தது. மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் மூன்றும் சேர்ந்து சாய்ந்தன. அறுபது கோடிப் பேர் இருட்டில். உலகத்தில் அதுவரை அவ்வளவு பெரிய மின்வெட்டு நடந்ததில்லை. அவை அத்தனையும் கட்டுரையாளர் போற்றும் இரும்புச் சக்கரங்கள் ஏ.சி.யில் ஒன்றோடொன்று கைகோத்துச் சுற்றிய தொகுப்புகள். ஒன்று விழுந்தபோது மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. தெற்கு விழவில்லை. காரணம், அன்று தெற்கை மற்ற இந்தியாவோடு இணைத்திருந்தவை கோலார், காஜுவாக்கா, சந்திரபூர் ஆகிய டி.சி. இணைப்புகள் மட்டும்தான். டி.சி. வழியாக மின்சாரம் வரும். அதிர்வெண்ணின் தடுமாற்றம் அப்படியே தொற்றிக்கொண்டு வராது. ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கே.வி. ஏ.சி. பாதை வந்து தெற்கு வடக்கோடு ஒரே தாளத்தில் சேர்ந்தது 2013 டிசம்பர் 31 அன்றுதான். ஆக, 2012இல் எலப்புள்ளியில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்ததற்கு, இந்த எலக்ட்ரானிக்ஸ் பெட்டிகள் நடுவில் நின்றதும் ஒரு காரணம்.

இப்போது ஸ்பெயின். 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டன. சோலார் இன்வெர்ட்டர்தான் கொன்றது என்கிறார். ஸ்பெயின் அரசு அந்த ஜூனில் வெளியிட்ட அறிக்கை வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் போதாமல் போனதைக் குற்றம் சொன்னது; அந்த வேலைக்கென்று ஓடிய வழக்கமான மின்நிலையங்கள் சில அதைச் சரியாகச் செய்யவில்லை என்றும் சொன்னது. இரும்புச் சக்கரக்காரர்கள்தான் அவர்கள். இதைவிட ருசியான ஒரு தகவல் கட்டுரையாளர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, அவர் எடுக்கவில்லை. பைரனீஸ் மலைக்கடியில் ஸ்பெயினையும் பிரான்சையும் இணைக்கும் டி.சி. பாதை ஒன்று 2015இலிருந்து இருக்கிறது: 320 கே.வி., ஆயிரம் ஆயிரமாக இரண்டு பிரிவு, அதே வகைக் கன்வெர்ட்டர். புகளூர்–திருச்சூருக்கு அண்ணன் என்றே சொல்லலாம். அன்று அதை ஒரே அளவில் பிரான்சுக்கு மின்சாரம் அனுப்பும் முறையில் வைத்திருந்தார்கள். தொகுப்பு சரிந்துகொண்டிருந்த அந்த நொடிகளிலும் அது சொன்ன சொல் தட்டாமல் அனுப்பிக்கொண்டே இருந்தது. நம் மாடக்கத்தரை நிலையத்துக்கு நெருக்கடி நேரத்தில் என்ன கட்டளை கொடுத்து வைத்திருக்கிறார்கள், வோல்டேஜ் தாங்குவதா, கணக்குப்படி மெகாவாட் தள்ளுவதா? இப்படிக் கேட்டிருந்தால் ஒரு பொறியாளராவது வியர்த்திருப்பார். அவரோ எலக்ட்ரானிக்ஸ் என்ற சொல்லைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தார்.

இனித் தென்னை. அந்தக் கட்டுரை ஊருக்குள் இத்தனை வேகமாகப் பரவியது இந்தப் பகுதியால்தான். டி.சி. லைன் போன வழியில் தென்னை வாடுகிறது, குரும்பை உதிர்கிறது, கிணற்று நீர் இறங்குகிறது, டி.சி. மண்ணுக்குள் திரும்பி ஓடுவதால் நிலத்தடி நீர் விரட்டப்படுகிறது என்கிறார்.

கரண்ட் மண்ணில் திரும்புவது எல்லா டி.சி. பாதைக்கும் பொருந்தாது. கோலார் பாதைக்கு மண்ணில் மின்முனை உண்டு. ஒரு துருவம் பழுதானால் மண்வழி ஓட்டத்துக்கு அது பயன்படும். அங்கே கேட்ட கதையை இங்கே ஒட்டியிருக்கிறார். புகளூர்–திருச்சூரின் ஒவ்வொரு பிரிவும் பிளஸ் 320, மைனஸ் 320 என்று இரு கம்பி வழியாகவே போய்த் திரும்புவது. மண்ணுக்கு அதில் வேலை இல்லை. காந்தப்புலமா? கணக்குப் போடுங்கள்: ஆயிரம் மெகாவாட்டை 640 கே.வி.யால் வகுத்தால் சுமார் 1,560 ஆம்பியர். ஒரே ஒரு கம்பி இருபது மீட்டர் உயரத்தில் போனால் தரையில் 16 மைக்ரோடெஸ்லாவுக்குக் குறைவு. எதிர்க்கம்பி கழிப்பதையும் அடுத்த ஜோடி கூட்டுவதையும் சேர்த்தாலும், நாம் பிறந்ததிலிருந்து நிற்கும் பூமியின் 40 மைக்ரோடெஸ்லாவைத் தாண்டாது. நிலையான காந்தப்புலத்துக்குப் பொதுமக்களுக்கென்று பன்னாட்டு நெறி வைத்திருக்கும் வரம்பு 400 மில்லிடெஸ்லா. பூமியின் புலத்தைப்போல் பத்தாயிரம் மடங்கு.

தென்னை வாடவில்லை என்று நான் சொல்லவில்லை. பொள்ளாச்சி, ஆனைமலையிலிருந்து எங்கள் பக்கம் வரை தோப்புத் தோப்பாகக் கேரள வேர் வாடல் நோய் தின்றுகொண்டிருக்கிறது. பூச்சி பரப்பும் நோய், கம்பி பரப்புவதல்ல. காண்டாமிருக வண்டு, சிவப்புக் கூன்வண்டு, போதாததற்கு 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் 41 டிகிரியைத் தாண்டிய வெயில். இத்தனையும் இருக்க, நோய் வந்த மரத்தைக் காட்டி லைனைத் திட்டினால் நோய்க்கு மருந்து தேடுபவனின் நேரம்தான் வீணாகும். லைனுக்கு அடியில் தென்னை காய்க்காததற்கு வேறு, மிக எளிய காரணம் இருக்கிறது: அதை அறுத்துவிட்டார்கள். கம்பிக்கும் மரத்துக்கும் இடையே இவ்வளவு இடைவெளி வேண்டும் என்பது விதி. தென்னை அதைத் தாண்டி வளரும். அதனால் நின்றதை அறுப்பார்கள், புதிதாக வைக்க விடமாட்டார்கள். கள் இறக்கியும் தேங்காய் போட்டும் பிழைக்கும் சித்தூர்ப் பக்கத்துக் குடும்பத்துக்கு அது தலைமுறை நஷ்டம். ரம்பம் செய்த காரியத்துக்குக் கதிர்வீச்சின் மேல் பழி போட்டு, ரம்பம் பிடித்தவரைத் தப்பவிட்டிருக்கிறார் கட்டுரையாளர்.

தலைக்குமேல் டி.சி. போகிறது, ராத்திரியில் எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை என்ற புலம்பலையும் அவர் பயன்படுத்திக்கொள்கிறார். 2024 மே மாதத்தில் பாலக்காட்டுப் பகுதியில் இரவு நேரக் கட்டுப்பாடு வந்தது உண்மை. ஆனால் புழுங்கும் இரவில் எல்லோரும் ஏ.சி. மெஷினைப் போட்டபோது மூச்சுமுட்டியவை ஊர்த் துணைமின்நிலையங்களும் ஃபீடர்களும் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரும். 2,000 மெகாவாட் மாடக்கத்தரைக்கு வந்து சேர்ந்தாலும், அங்கிருந்து உங்கள் வீட்டு மீட்டர் வரை இருக்கும் கடைசிக் கம்பி பழையதாக இருந்தால் ஃபேன் சுற்றாது. கேட்க வேண்டியது மின்வாரிய செக்ஷன் ஆபீசை, இந்தப் பாதையைப் போட்ட பவர்கிரிடை அல்ல.

பவர்கிரிடிடம் கேட்பதற்கு வேறு கேள்வி இருக்கிறது. 2018 டிசம்பரில் கொங்கு மாவட்ட விவசாயிகள் உயர்மின் கோபுரங்களை எதிர்த்து நாள்கணக்கில் உண்ணாவிரதம் இருந்தார்கள். கேரளத்தில் கேபிள் போடுகிறீர்களே, எங்களுக்கும் நெடுஞ்சாலை ஓரமாகக் கேபிள் போடுங்கள் என்றார்கள். அதிகாரிகள் சொன்ன பதில், தொழில்நுட்பத்தில் முடியாது என்பதாகவே ஊர்களில் இன்றும் நினைவிருக்கிறது. ராய்கரிலிருந்து புகளூருக்கு வரும் 800 கே.வி., 6,000 மெகாவாட் பாதைக்கு அது சரியான பதில்தான். அந்த வோல்டேஜுக்கு மண்ணடிக் கேபிள் அன்று எந்தக் கடையிலும் இல்லை. ஆனால் புகளூரிலிருந்து மேற்கே வருவது 320 கே.வி. வடக்கஞ்சேரிக்கு அந்தப் பக்கம் மண்ணுக்குள் ஓடும் அதே வோல்டேஜ், அதே கரண்ட், அதே கேபிள். அங்கே முடிந்தது இங்கே முடியாததற்கு இயற்பியலில் காரணம் கிடையாது. காரணம் பணம். மேல்கம்பியைவிடக் கேபிளுக்குப் பல மடங்கு ஆகும். அந்தப் பணத்தை மிச்சப்படுத்த, நிலம் மலிவாகவும் குரல் மெலிவாகவும் இருந்த கிழக்குப் பக்கத்தில் கோபுரம் நட்டார்கள். இது என் தீர்ப்பு. மறுப்பவர்கள் செலவுக் கணக்கைக் காட்டி மறுக்கட்டும்.

நஷ்டஈட்டையும் பாருங்கள். 1885ஆம் வருடத்துத் தந்திச் சட்டத்தின் பலத்தில் நிலத்தை எடுக்காமலே நிலத்தில் கோபுரம் நடலாம். பட்டா உங்கள் பேரில், வரி உங்கள் கணக்கில், நிழல் மட்டும் அவர்களுடையது. மத்திய மின்துறை 2015 அக்டோபரில் கொடுத்த வழிகாட்டுதல், கோபுரத்தின் நான்கு கால்களுக்கு இடைப்பட்ட இடத்துக்கு நிலமதிப்பில் 85 சதவீதம், கம்பிக்கு அடியில் போகும் நிலத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்றது. 2024 ஜூனில் அதே துறை அதை 200 சதவீதம், 30 சதவீதம் என்று உயர்த்தியது. கோபுர இடத்துக்கு இரு மடங்குக்கும் மேல், கம்பி நிலத்துக்கு நேராக இரு மடங்கு. அதாவது பழைய தொகை போதாது என்று அரசே ஒப்புக்கொண்டது. புகளூர் பாதையின் கோபுரங்கள் நின்றது பழைய விகிதத்தின் காலத்தில். மிச்சத்தை யார் தருவார்கள்?

2025 தொடக்கத்தில் மதுபான ஆலைக்கு அனுமதி என்று செய்தி வந்ததும் எலப்புள்ளி கேட்டது, தண்ணீர் எங்கிருந்து வரும் என்று. நேரான கேள்வி. அதைக் கேட்டவர்களைக் கேலி செய்து ஒதுக்க யாராலும் முடியவில்லை, ஏனென்றால் அதில் கட்டுக்கதை ஒரு சொட்டுகூட இல்லை. டி.சி. லைன் விஷயத்தில் நடப்பது நேர்மாறு. கதிர்வீச்சு என்று மனு கொடுத்தால் ஓர் அதிகாரி அளவுமானியோடு வருவார், கம்பிக்கு அடியில் வைப்பார், முள் அசையாது, 'புகாரில் உண்மை இல்லை' என்று எழுதிக்கொண்டு போவார். அந்த ஒரு தாளோடு, அறுத்த தென்னைக்கும் குறைந்த நிலமதிப்புக்கும் கேட்டிருக்க வேண்டிய பணமும் கோப்புக்குள் போய்விடும். எதிரிக்கு இவ்வளவு வசதியான எதிர்ப்பாளர் கிடைப்பது அரிது.

இந்தப் பாதை பாதி லோடில் ஓடினாலே வருடத்துக்கு 876 கோடி யூனிட் கடக்கிறது. யூனிட்டுக்கு ஒரு பைசா தனியாக எடுத்துவைத்தால் 8 கோடியே 76 லட்சம் ரூபாய். ஐந்து பைசா என்றால் சுமார் 44 கோடி, ஒவ்வொரு வருடமும். பாதை போகும் நிலத்துக்காரருக்கு ஒருமுறை கையில் திணித்து அனுப்பாமல், கரண்ட் போகும் வரை வருட வாடகையாகவே கொடுக்கலாம். இதை மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண விசாரணையில் கேட்கலாம். கட்டுரையாளருக்கு விருப்பமிருந்தால் கணக்கோடு மனுவை நான் எழுதித் தருகிறேன். கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும், படம் எதுவும் இணைக்க வேண்டாம்.